லேபர் வார்டு நர்ஸ்களுக்குப் பயிற்சி: தாயையும் பச்சிளங்குழந்தையையும் காக்கும் கைகளை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு தாலுகா மருத்துவமனைக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். லேபர் வார்டுக்குள் நுழைந்ததும் அம்பு பேக், அதாவது மூச்சில்லாத குழந்தைக்குக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை, எங்கே என்று கேட்டேன். "பீரோவுல பத்திரமா இருக்கு மேடம்" என்றார் டூட்டியில் இருந்த சிஸ்டர். பீரோ சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம் இருந்தது. அவருக்கு அன்று வார விடுப்பு.

அந்த வார்டில் இருந்த ஐந்து நர்ஸ்களுமே பச்சிளங்குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். கேள்வி கேட்டால் ஐந்து பேரும் சரியாகப் பதில் சொன்னார்கள். ஆனால் அன்று ஒரு குழந்தை மூச்சில்லாமல் பிறந்திருந்தால், அதன் உயிர் சாவி வரும் வரை காத்திருக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. பொருள் தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்பு எதிலும் யாரும் பேசியதில்லை.

நல்ல நர்ஸ் உருவாகும் இடம் பயிற்சி மண்டபம் இல்லை, லேபர் வார்டுதான். இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்ல வருவது அதைத்தான். தான்சானியாவில் ஹேடம் என்ற ஊரிலுள்ள மருத்துவமனையில் இதைப் பார்த்தே விட்டார்கள். ஒரு நாள் பயிற்சி கொடுத்ததும் பொம்மையில் செய்து காட்டும் திறமை நன்றாகக் கூடியது. நிஜக் குழந்தைக்குச் செய்யும் சிகிச்சையில் மாற்றமே இல்லை. இது 2013-இல் வெளியான முடிவு. அப்புறம் அதே மருத்துவமனையில், வேலை செய்யும் இடத்திலேயே, சில நிமிடப் பயிற்சியை அடிக்கடி கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1-இலிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள். நர்ஸ்களோ பொம்மையோ மாறவில்லை. பயிற்சி நடந்த இடமும் அதன் இடைவெளியும்தான் மாறின.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தாய்மார்களை மருத்துவமனைக்கு வரவழைக்கும் வேலையை நம் மாநிலம் முடித்துவிட்டது. வந்தவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதுதான் இனி மிச்சம். 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். அகில இந்திய அளவில் அது 97. நாம் முன்னே நிற்கிறோம், சரி. ஆனால் அந்த 54 பேரில் பெரும்பாலோர் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர்கள்.

படி 1: கற்பிக்கும் முன் இரண்டு இரவு வார்டில் உட்காருங்கள்

பவர்பாயின்ட்டைத் தயாரிப்பதற்கு முன்னால் இரண்டு நைட் டூட்டி முழுக்க லேபர் வார்டில் இருங்கள். பகலில் டாக்டர், பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டர்கள், மாணவிகள் என்று கூட்டம் இருக்கும். இரவு 2 மணிக்கு யார் இருக்கிறார்கள், எது கைக்கு எட்டுகிறது என்பதுதான் நிஜ நிலவரம்.

நோட்டுப் புத்தகத்தில் சிலவற்றை மட்டும் குறித்தால் போதும். கர்ப்பப்பையை இறுக்கி உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, ட்ரேயில் வெயிலுக்குக் காய்ந்துகொண்டிருக்கிறதா? வெப்பத்தில் கிடந்த ஆக்ஸிடோசின் வீரியம் இழக்கும். எத்தனை நல்ல நர்ஸ் போட்டாலும் கர்ப்பப்பை இறுகாது. குழந்தையைச் சூடாக வைக்கும் ரேடியன்ட் வார்மர் வேலை செய்கிறதா, குழந்தை பிறந்த பிறகுதான் அதை ஆன் செய்கிறார்களா? பிரசவ நேரத்தில் ஃபேன் ஓடுகிறதா? அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. அம்பு பேக் எங்கே, மாஸ்க் இரண்டு அளவிலும் இருக்கிறதா? டாக்டரைக் கூப்பிட எந்த நம்பர், அது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

குறைகளை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது அப்புறம். முதலில் இன்சார்ஜ் சிஸ்டருடன் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குத் தெரியாத குறை எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. இத்தனை நாள் அதைக் கேட்க ஆளில்லை.

படி 2: எல்லாவற்றையும் கற்பிக்க முயலாதீர்கள்

பாடத்திட்டம் நீளமானது. ஆனால் பிரசவ நாளில் உயிரைப் பறிப்பவை சிலவே. தாய்க்கு உதிரப்போக்கு, ரத்த அழுத்தமும் வலிப்பும், கிருமித் தொற்று. குழந்தைக்கு மூச்சுத்திணறல், குறைப்பிரசவம், கிருமித் தொற்று. முதல் மூன்று மாதத்துக்கு நான் எடுப்பது நான்கே நான்கு: முதல் நிமிடத்தில் குழந்தையின் மூச்சு, உதிரப்போக்கு, வலிப்புக்கான மெக்னீசியம் சல்ஃபேட், பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரக் கண்காணிப்பு. கை கழுவுவதைத் தனிப் பாடமாக வைப்பதில்லை. இந்த நான்கில் ஒவ்வொன்றும் கை கழுவுவதில்தான் தொடங்கும்.

அப்புறம், யாருக்குக் கற்பிக்கிறோம்? நர்ஸ்களுக்கு மட்டும் என்றால் பாதி வேலைதான் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஒரு பணியாளர் அக்காவும்தான் இருப்பார்கள். அந்த அக்காவுக்கு எமர்ஜென்சி ட்ரே எது, போனில் என்ன சொல்ல வேண்டும், ஃபேனை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தால் நர்ஸுக்கு இன்னும் இரண்டு கை கிடைத்த மாதிரி. பயிற்சிக்கு அவரையும் கூப்பிடுங்கள். ஓரமாக நிற்க வைக்காமல், கையில் ட்ரேயைக் கொடுத்து நடுவில் நிறுத்துங்கள்.

படி 3: வார்டுக்குள்ளேயே ஒரு பயிற்சி மூலை

தனி அறை வேண்டாம். லேபர் ரூமுக்கு வெளியே ஒரு மேஜை போதும். அதன் மேல் ஒரு பயிற்சிப் பொம்மை, ஒரு அம்பு பேக், இரண்டு மாஸ்க், இரண்டு பழைய துண்டு, காலாவதியான மருந்துக் குப்பிகள், சிரிஞ்சுகள், சுவரில் நொடி முள்ளோடு ஒரு கடிகாரம். காலாவதிக் குப்பிகளில் "பயிற்சிக்கு மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள். சிகிச்சைக்கான மருந்தோடு அவை கலந்துவிடக் கூடாது.

நியோநாட்டலி போன்ற பொம்மையில் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தையின் கனமும் சூடும் வந்துவிடும். கழுத்து தளர்ந்து தொங்கும், கையில் ஏந்தும்போது உடம்பே பதறும். துடைப்பதற்கும், மார்பில் போடுவதற்கும், கழுத்தை நேராக வைப்பதற்கும் துணிப் பொம்மைகூடப் போதும். மூச்சுக் கொடுக்கப் பழக மட்டும் அது போதாது. நெஞ்சு எழும்புவதைக் கண்ணால் பார்த்தால்தான் கை கற்றுக்கொள்ளும். இந்த ஒரு பொருளுக்காக நிர்வாகத்திடம் சண்டை போடலாம்.

பொம்மையையும் பயிற்சி அம்பு பேக்கையும் பூட்டி வைக்கக் கூடாது என்று மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் "பயிற்சிப் பொருள், தேய்மானத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரி போதும். அதன் பிறகு யாரும் பீரோவைத் தேட வேண்டியதில்லை.

படி 4: முதல் நிமிடம்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது ஓர் உதவி வேண்டியிருக்கும். பெரும்பாலும் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழுதுவிடும். மிச்சமிருக்கும் சில குழந்தைகளுக்கு அம்பு பேக் வேண்டும், அதுவும் 60 நொடிக்குள்.

வரிசை இதுதான். பிரசவத்துக்கு முன்பே வார்மர் ஆன், ஃபேன் ஆஃப், இரண்டு சூடான துண்டு, அம்பு பேக் சோதனை. சோதனை சுலபம்: மாஸ்கை உள்ளங்கையில் அழுத்தி மூடிப் பையை அமுக்குங்கள், கையில் அழுத்தம் தெரிய வேண்டும், வால்வு திறக்கும் சத்தம் கேட்க வேண்டும். குழந்தை வெளியே வந்ததும் தாயின் வயிற்றின் மேல். நேரத்தை உரக்கச் சொல்லுங்கள். தலை, முதுகு, கை கால் எல்லாம் துடைத்து, ஈரத் துண்டை எடுத்துப் போட்டுவிடுங்கள். பலரும் விடும் தவறு ஈரத் துண்டிலேயே குழந்தையைச் சுற்றி வைப்பது. அழுகிறதா? அப்படியே தாயின் மார்பில், தோலோடு தோலாக, மேலே காய்ந்த துணி. தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் கிளாம்ப் செய்தால் போதும். அழும் குழந்தைக்கு, பனிக்குட நீர் பச்சையாக இருந்தாலும், மூக்கிலும் வாயிலும் டியூப் விட்டு உறிஞ்ச வேண்டாம்.

அழவில்லையா? கழுத்தை லேசாக நிமிர்த்தி, வாயில் சளி தெரிந்தால் மட்டும் முதலில் வாய், பிறகு மூக்கு. முதுகை இரண்டு மூன்று தடவை தேய்த்துவிடுங்கள். அப்படியும் மூச்சு இல்லையென்றால் கொடியைக் கிளாம்ப் செய்து வெட்டி வார்மருக்குக் கொண்டுபோய் மாஸ்கை வையுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் அளவு, குறைமாதத்துக்கு 0. ஆக்ஸிஜன் சிலிண்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்கு அறைக் காற்றே போதும். "அழுத்து, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. ஐந்தாவது மூச்சுக்குள் நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பாவிட்டால் மாஸ்கை மறுபடி பொருத்துங்கள், கழுத்தைச் சரிசெய்யுங்கள், வாயைக் கொஞ்சம் திறந்து பாருங்கள், சளி அடைத்திருக்கிறதா பாருங்கள், இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். 30 நொடிக்குப் பிறகு மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டும். துடிப்பு 100-க்கு மேல் போனால் தப்பித்தது.

சொல்லிக் கொடுக்கும்போது நான் கவனிப்பது நர்ஸின் இடது கையை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கின் மேல் வளைந்து நிற்க வேண்டும், மற்ற மூன்று விரலும் தாடை எலும்பின் கீழ். புதிதாக வருபவர்கள் பதற்றத்தில் மாஸ்கைக் கீழே அழுத்துவார்கள். தாடை உள்ளே போய்க் கழுத்து மடங்கும், காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று கசியும். "மாஸ்கை மூஞ்சியில அமுக்காதம்மா, தாடையைத் தூக்கி மாஸ்குக்குக் கொண்டுவா" என்று சொல்லி, என் மூன்று விரலை அவர்கள் விரலுக்குக் கீழே வைத்துத் தூக்கிக் காட்டுவேன். அடுத்த அழுத்தலில் பொம்மையின் நெஞ்சு எழும்பும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை எந்தப் புத்தகத்தாலும் அவர்கள் கைக்குக் கொடுக்க முடியாது.

குழந்தையைத் தலைகீழாகத் தூக்குவது, காலில் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. அதற்காகத் திட்ட வேண்டாம். அந்த நொடிகளை யாராவது கடிகாரத்தில் எண்ணி உரக்கச் சொன்னால் போதும். நேரம் எங்கே போகிறது என்று அவர்களுக்கே விளங்கும்.

படி 5: உதிரப்போக்கு — கண் பொய் சொல்லும்

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. அது இறுகாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் கண்ணோ, போன ரத்தத்தை எப்போதும் குறைத்தே காட்டும்.

இதற்கு நான் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் ரத்தச் சிவப்பாக ஆரத்தித் தண்ணீர் கிடைக்கும். குழந்தையோடு வீட்டுக்கு வரும் தாய்க்குச் சுற்றிப் போடுகிறோமே, அதே தண்ணீர். அளவுக் குவளையில் அளந்து ஒரு பழைய சேலையில் 350 மில்லி, ஒரு பேடில் 100 மில்லி, கிட்னி ட்ரேயில் 250 மில்லி ஊற்றி மேஜையில் வரிசையாக வைப்பேன். ஒவ்வொருவரும் பேர் போடாமல் ஒரு சீட்டில் எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். சேலை எல்லாரையும் ஏமாற்றிவிடும். 150, 200 என்றுதான் எழுதுவார்கள். பிறகு குவளையைக் காட்டும்போது அறை அமைதியாகிவிடும்.

அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பை தாயின் இடுப்புக்குக் கீழே போட்டு அளந்தால் இந்த ஏமாற்றம் இல்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இ-மோட்டிவ் என்ற ஆய்வு நடந்தது. 2023-இல் முடிவு வந்தது. ரத்தத்தை அளந்து, சீக்கிரம் கண்டுபிடித்து, சிகிச்சைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் காத்திராமல் மொத்தமாக உடனே செய்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அறுவை சிகிச்சை வரை போவது, மரணம் ஆகிய கடும் விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை. எல்லாம் நம் ட்ரேயில் ஏற்கெனவே இருப்பவை.

தடுப்பில் தொடங்குங்கள். குழந்தை பிறந்ததும் வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில். பிரசவத்துக்கு முன்பே ஊசியை நிரப்பி வைக்காவிட்டால் ஒரு நிமிடம் போதாது. பிறகு பக்குவமாக நஞ்சுக்கொடியை எடுப்பது, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. வலி வரவேண்டும் என்று பிரசவத்துக்கு முன் ஆக்ஸிடோசினைத் தசையில் போடுவதும், வயிற்றை மேலிருந்து அழுத்துவதும் கூடவே கூடாது. இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டும் இன்னும் நடக்கின்றன.

அதையும் மீறிப் போனால் குரல் கொடுக்க வேண்டும். "உதிரப்போக்கு, ஆள் வாங்க!" என்று வார்டே கேட்கும்படி. புது நர்ஸ்களுக்கு இது கூச்சம். தவறாகக் கூப்பிட்டுவிட்டால் டாக்டர் திட்டுவாரோ என்ற பயம். ஆகவே கத்துவதற்கும் பயிற்சி கொடுங்கள், நிஜமாகவே கத்த வையுங்கள். கூப்பிட்டது தேவையில்லை என்று தெரிந்தாலும் வந்த டாக்டர் "கூப்பிட்டது நல்லது சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். இதை டாக்டர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மூன்று பேர் இருந்தால் ஒருவர் தலைமாட்டில் நாடி, பி.பி. பார்த்துத் தாயிடம் பேசிக்கொண்டே இருப்பார். ஒருவர் கையில் பெரிய ஊசியில் ட்ரிப், மருந்து. ஒருவர் கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் காலிசெய்து, கிழிசல் இருக்கிறதா, நஞ்சு முழுசாக வந்ததா என்று பார்ப்பார். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், மெதுவாகப் பத்து நிமிடத்தில், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். ரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு, கர்ப்பப்பையை இறுக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் கூடாது. இதைச் சுவரிலேயே எழுதுங்கள். மருந்து வரிசையும் அளவும் உங்கள் மருத்துவமனை நெறிமுறைப்படி இருக்கட்டும். மகப்பேறு மருத்துவரின் கையெழுத்தோடு அதை வார்டில் ஒட்டிவிட்டு, அதை வைத்தே பழகுங்கள்.

படி 6: வலிப்பு — பத்துக் குப்பிகளின் கணக்கு

பி.பி. 160/110-ஐத் தொட்டாலே அவசரம். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி என்று தாய் சொன்னால் அதை வாயுப் பிடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். இதெல்லாம் நர்ஸ்களுக்குத் தெரியும். ஊசியை நிரப்பும்போதுதான் இடறுகிறார்கள்.

நம் ஊரில் மெக்னீசியம் சல்ஃபேட் குப்பி 2 மில்லி, 50 சதவீதம், அதாவது குப்பிக்கு 1 கிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து அனுப்பும் முதல் டோஸ் 10 கிராம்: ஒவ்வொரு புட்டத்திலும் ஆழமாக 5 கிராம். அப்படியென்றால் பத்துக் குப்பிகளை உடைத்து இரண்டு 10 மில்லி சிரிஞ்சில் நிரப்ப வேண்டும். வலிப்பில் துடிக்கும் பெண், கதவில் அழும் தாயார், கையில் பத்துக் கண்ணாடிக் குப்பிகள். முதல் தடவை செய்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டாப்வாட்ச் வைத்துத் தண்ணீர்க் குப்பிகளால் பழக்குங்கள். பத்துக் குப்பி, இரண்டு சிரிஞ்ச், நீள ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டி "வலிப்புப் பெட்டி" என்று எழுதி வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

பெரிய மருத்துவமனையில் அதோடு நரம்பில் 4 கிராம் சேரும்: 8 மில்லி மருந்து, 12 மில்லி நீர், மொத்தம் 20 மில்லி, மெதுவாக. அடுத்த டோஸ் போடும் முன் மூன்று கேள்வி: மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்கால் தட்டினால் உதறுகிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். மெக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் அதே பெட்டியில் இருக்க வேண்டும்.

படி 7: பிரசவம் முடிந்தது, வேலை முடியவில்லை

குழந்தை பிறந்ததும் வார்டு மூச்சு விடும். நர்ஸ் கேஸ் ஷீட் எழுத உட்காருவார், அடுத்த தாய் டேபிளுக்கு வருவார். சத்தமில்லாமல் ரத்தம் போவது அந்த நேரத்தில்தான். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தரம் நாடி, பி.பி., கர்ப்பப்பையின் இறுக்கம், உதிரம் பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எட்டுக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நேரத்தில் நிரப்பப்பட்டிருந்தால் அது கண்காணிப்பு இல்லை. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான், ஒரே நர்ஸ் நான்கு தாய்மார்களைப் பார்க்கும் வார்டில் அது எப்படி நடக்கிறது என்று தெரியும். ஆகவே கூட இருக்கும் தாயாருக்கோ மாமியாருக்கோ வயிற்றில் கை வைக்கச் சொல்லிக் கொடுங்கள்: "இங்க தொட்டுப் பாருங்கம்மா, தேங்காய் மாதிரி கெட்டியா இருக்கணும். மெத்துனு ஆனாலும், பேடு சீக்கிரம் நனைஞ்சாலும் ஓடி வந்து கூப்பிடுங்க." அவர்கள் கண் கூடுதல் கண். நர்ஸின் சுற்று அதனால் குறையக் கூடாது.

குழந்தைக்கு மூச்சு, சூடு, பால். பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது மிக எளிய பரிசோதனை. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் குழந்தை குளிரத் தொடங்கிவிட்டது. அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி இருக்க வேண்டும். குளிப்பாட்டுவது 24 மணி நேரம் கழித்து. வைட்டமின் கே 1 மி.கி., ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மி.கி. முதல் நாளே மஞ்சள் தெரிவது, பால் குடிக்காதது, நிமிடத்துக்கு 60-ஐத் தொடும் வேகமான மூச்சு, நெஞ்சு உள்ளிழுப்பது, வலிப்பு இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம்.

பால் விஷயத்தில் தாயோடு மட்டும் பேசினால் போதாது. நம் ஊரில் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார். யார் வைக்கிறாரோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. "அதெல்லாம் கூடாது, இன்ஃபெக்ஷன் ஆகும்" என்று அதட்டினால் தலையாட்டிவிட்டு, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் வைத்துவிடுவார்கள். நான் சொல்லிக் கொடுப்பது இப்படி: "ஆச்சி, நீங்களே பாப்பாவை எடுத்து அம்மா மார்ல வைங்க. உங்க கையால வைக்கிற சீம்பால்தான் அதுக்கு முதல் சேனை." அவருக்குரிய மரியாதையும் இடமும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது, குழந்தைக்குச் சீம்பாலும். பயிற்சியில் ஒருவர் மாமியாராக நடிக்கட்டும், விடாப்பிடியான மாமியாராக. நன்றாக நடிக்க ஒவ்வொரு வார்டிலும் ஒருவர் இருப்பார்.

சிசேரியன் தாய்களை விட்டுவிடாதீர்கள். முதலில் சொன்ன 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில்தான். அந்தத் தாய் மரத்துப்போய்ப் படுத்திருக்கும் முதல் மணி நேரத்தில் குழந்தையைப் பக்கவாட்டில் வைத்துப் பால் கொடுக்க வைப்பது நர்ஸின் கையில் இருக்கிறது. தியேட்டர் நர்ஸையும் ரிகவரி நர்ஸையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்.

எடை குறைந்த குழந்தைக்கு கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டி வைத்திருப்பது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. 2021-இல் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனே தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. பயிற்சியில் ஒவ்வொரு நர்ஸும் பொம்மையைத் தன் மார்பில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்யட்டும். வியர்க்கும், முதுகு வலிக்கும், கழிப்பறைக்கு எப்படிப் போவது என்று யோசிப்பார்கள். அதன் பிறகு தாயிடம் "நாள் முழுக்க வெச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். சாய்வு நாற்காலி கேட்பார்கள், அப்பாவையும் பாட்டியையும் முறை வைத்துக் கூப்பிடுவார்கள்.

படி 8: வாய்ச்சொல்

லேபர் டேபிளில் கிடக்கும் பெண்ணிடம் சொல்லப்படும் சில பேச்சுகளை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. படிக்கிற நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்கு அறிவுரை வகுப்பு பயன்படாது. ஒரு நர்ஸை, அவர் சம்மதத்தோடு, உடையோடுதான், லேபர் டேபிளில் காலைத் தூக்கிப் படுக்க வையுங்கள். திரையைத் திறந்து வையுங்கள். பத்து நிமிடம் மற்றவர்கள் வருவதும் போவதும், தலைக்கு மேல் பேசுவதுமாக இருக்கட்டும். யாரும் அவரிடம் பேசக் கூடாது. இறங்கி வந்த பிறகு அவரே பேசட்டும். நான் பார்த்த ஒரு சீனியர் சிஸ்டர், இருபது வருட சர்வீஸ், இறங்கியதும் முதலில் செய்தது திரையை இழுத்து மூடியதுதான்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். வெளியே நிற்க வைக்காமல் உள்ளே அவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், இடுப்பைத் தேய்க்கவும் தண்ணீர் கொடுக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

படி 9: ஹேண்ட் ஓவரும் ரெஃபரலும்

சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் டாக்டரிடமோ பெரிய மருத்துவமனையின் சீமாங்க் மையத்திடமோ (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம்) பேசும்போது நான்கு வாக்கியம்: யார், இப்போது என்ன ஆகிறது, இதுவரை எத்தனை மணிக்கு என்ன கொடுத்தோம், எனக்கு இப்போது என்ன வேண்டும். இதை நடித்துப் பழகுங்கள். 108-இல் ஏற்றும்போது மருந்தும் நேரமும் எழுதிய சீட்டு தாயோடு போக வேண்டும், குழந்தை தோலோடு தோலாகப் போக வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவரை மேஜையில் உட்கார்ந்து செய்யாமல் கட்டில் கட்டிலாக நடந்து செய்யுங்கள்.

படி 10: பத்து நிமிடம், வாரா வாரம்

ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம். திங்கள் அம்பு பேக், புதன் உதிரப்போக்கு, வெள்ளி வலிப்புப் பெட்டி. இரண்டு பேர் ஜோடியாக, ஒருவர் செய்ய மற்றவர் செக்லிஸ்ட்டில் டிக் போடுவார், பிறகு மாறிக்கொள்வார்கள். நைட் டூட்டிக்காரர்களும் ஒப்பந்த நர்ஸ்களும் விடுபட்டுப் போவார்கள், அவர்கள் பெயருக்கு எதிரே இருக்கும் காலிக் கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். மாதம் ஒரு தடவை முன்னறிவிப்பில்லாமல் இரவில் ஒரு முழு ஒத்திகை. மதிப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பலகையில் ஒட்ட வேண்டாம்.

வார்டிலேயே ஒருவரை வழிகாட்டி நர்ஸாக ஆக்குவது அவசியம். உத்தரப் பிரதேசத்தில் பெட்டர்பர்த் ஆய்வு 120 மருத்துவ நிலையங்களில் நடந்து 2017-இல் முடிவு வந்தது. செக்லிஸ்ட்டும் வெளியிலிருந்து பயிற்றுநர்களும் இருந்தபோது வேலையின் தரம் நன்றாகக் கூடியது. பயிற்றுநர்கள் வருவது நின்றதும் இறங்கியது. தாய்-சேய் இறப்பும் குறையவில்லை. திறமை, மருந்து, ஆள், ரெஃபரல் எல்லாம் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும் என்று எனக்குப் புரிந்தது அதிலிருந்துதான். வெளியாள் போய்விடுவார், வார்டு நர்ஸ் இருப்பார். அவரை வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள் என்று நிர்வாகத்திடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

நிஜ அவசரம் ஒன்று முடிந்ததும், அதே ஷிப்டில், டீ குடிக்கும்போது மூன்று கேள்வி: எது நன்றாக நடந்தது, எது தாமதமானது, நாளைக்கு எதை எங்கே நகர்த்தி வைக்கப் போகிறோம்? யார் தவறு என்ற கேள்வி அங்கே வேண்டாம். தாயோ குழந்தையோ இறந்துபோன நாளில் அந்தக் கேள்விகளையும் ஒத்திப் போடுங்கள். முதலில் அந்த நர்ஸ் சாப்பிட்டாரா என்று பாருங்கள்.

கணக்கில் ஒரு விஷயம். அளக்கத் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் உங்கள் வார்டில் உதிரப்போக்குக் கேஸ்கள் கூடும். மேலிடத்திலிருந்து ஏன் என்று கேட்டு போன் வரும். முன்பு கண்ணுக்குத் தெரியாமல் போனவை இப்போது அளவில் தெரிகின்றன, அவ்வளவுதான். இதை முதல் கூட்டத்திலேயே மருத்துவ அலுவலரிடம் சொல்லி எழுதி வாங்கி வையுங்கள். அந்த போன் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நைட் டூட்டி சிஸ்டராக இருக்கக் கூடாது.